இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே ஒரு கட்டில்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, முதியோர் விஷயத்தில் யார் எதற்குப் பொறுப்பு என்று படம் போட்டேன். டெல்லிக்கு நீலம், சென்னைக்குச் சிவப்பு. ஓய்வூதியத்தில் ஒரு பங்கு நீலம், அதன் மேல் சேர்ப்பது சிவப்பு. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் மேல் மனுப் போடச் சொல்லும் சட்டம் நீலம், மனுவை விசாரிக்கிற கோட்டாட்சியர் சிவப்பு. ஆஸ்பத்திரி சிவப்பு, அங்கே முகாம் போட்டுக் கொடுத்த சக்கர நாற்காலி நீலம். முதியோர் இல்லம் என்ற கட்டத்துக்கு வந்தபோது இரண்டு பேனாவையும் மாற்றி மாற்றித் தீட்டி, தாள் ஊதா நிறத்தில் ஊறிக் கிழிந்துவிட்டது. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இன்னொரு தாள் வாங்கினேன்.

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்ததில் எனக்குக் கால் அரித்துக்கொண்டிருந்தது. கிடைத்தது முதியோர் உதவித் தொலைபேசியில் களப்பணியாளர் வேலை. நிதி டெல்லியிலிருந்து, மேற்பார்வை சென்னையிலிருந்து, ஆள் எடுத்தது ஒரு தொண்டு நிறுவனம், ஸ்கூட்டர் என் அப்பாவுடையது. யாராவது அந்த எண்ணுக்கு அழைத்தால், எங்கள் மாவட்டம் என்றால் நான் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்ப வேண்டும். முதல் மூன்று மாதம் பறந்தேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு பெண். "எங்க பக்கத்து வீட்டுல ரெண்டு பேரு இருக்காக மேடம். அவருக்குக் கையி காலு இழுத்துக்கிருச்சு. அந்தம்மா அவரத் தூக்கித் தூக்கி, இப்ப அதுவும் விழுந்துரும்போல இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க."

போனேன். காரை உதிர்ந்த தொகுப்பு வீடு. பெரியவர் ஒரு காலத்தில் கொத்தனார். இரண்டு வருடமாக வலது பக்கம் வேலை செய்யவில்லை, வாயும் கோணிப் பேச்சு குழறியது. மனைவியின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கொல்லைக்குக் கூட்டிப் போகும்போது பெரியவர் சரிந்து, மனைவி மேலேயே விழுந்ததில் வந்தது அது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியவரின் கைகளைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, முழங்காலால் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் எழுப்பி உட்கார வைத்தார். நான் உதவப் போனதற்கு, "நீங்க புடிச்சா அவுக பயந்துருவாக பாப்பா" என்றார்.

நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன்.

"குடுத்துவைக்கல."

பெரியவர் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "வந்த புள்ளைக்குக் காப்பி போடலியாங்கறாக" என்றார் பெரியம்மா.

புதுக்கோட்டை டவுனைத் தாண்டி ஒரு முதியோர் இல்லம் இருந்தது. இருபத்தைந்து கட்டில். மத்திய மானியத்தில் ஒரு அறக்கட்டளை நடத்துவது. ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கலாம், நர்ஸ் உண்டு. அங்கே போகச் சம்மதமா என்று கேட்டேன்.

"ரெண்டு பேரையும் சேத்துக்குவாகன்னா வாரோம். அவுகள மட்டும் விடமாட்டேன். அவுக பேசுறது எனக்குத்தான் வெளங்கும். தண்ணி வேணுங்கறதுக்கும் வெளிய போகணுங்கறதுக்கும் ஒரே சத்தந்தான். நாங் கிட்ட இல்லேன்னா, நாக்கு வறண்டு கெடக்கயில தூக்கிட்டுப் போயி கக்கூஸ்ல உக்கார வச்சுருவாக."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. சுலபமாகவும் பட்டது. இரண்டு ஆதார் அட்டைகளையும் படம் எடுத்துக்கொண்டு, "ஒரு வாரம் பெரியம்மா, ரெண்டு பேரையும் சேர்த்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் கேட்காத வாக்கு. அந்த வயதில் எனக்கு அப்படித்தான் வாய் முந்திக்கொள்ளும். வயது என்ன, போன வருடம்தான்.

அன்று மாலையே இணையத்தில் இரண்டு மனுவையும் ஏற்றினேன். பெரியவருடையது நகர்ந்தது. பெரியம்மாவுடையது திரையில் சிவப்பு எழுத்தோடு நின்றது. தகுதி வயது நிறைவடையவில்லை. அறுபது வேண்டும், அட்டையில் ஐம்பத்தேழு. அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியவருக்கு எழுபது. படத்தில் அந்த அம்மா அவரைவிடக் களைத்திருந்தார்.

ஆட்சியர் அலுவலகத்தில் முதியோர் நலப் பிரிவில் ஒரு உதவியாளர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, அதை அவரே எல்லாரிடமும் சொல்வார். நான் அட்டையைக் காட்டினேன்.

"சார், ஆளப் பார்த்தாலே தெரியும். எழுபதுக்குக் கீழ இருக்காது."

"எனக்கும் தெரியுதும்மா. அந்தப் பொட்டிக்குக் கண்ணு இல்லையே."

"நீங்க ஒரு கடிதம் கொடுத்தா?"

"யாருக்கு? இந்த இல்லத்த வருஷாவருஷம் போயிப் பாக்குறது நாங்க. சோறு வேகலன்னா எங்களத்தான் கேப்பாக. ஆனா யாரு உள்ள வரலாங்கறது மேல டெல்லி. சமையக்கட்டு எங்களுது, வாசக்கதவு அவுகளுது. புரியுதா?"

புரிந்தது. அரசு மருத்துவர் தரும் வயதுச் சான்று செல்லாதா என்று கேட்டேன்.

"செல்லுமே. ஸ்டேட் மானியத்துல ஒரு இல்லம் இருக்கு, பக்கத்து மாவட்டத்துல. அங்க டாக்டர் சர்டிபிகேட் போதும். நாளைக்கே சேத்துறலாம்." அவர் ஒரு ஃபைலைத் தள்ளி வைத்தார். "பெண்களுக்கு மட்டும்."

"அப்ப அவரு டெல்லிக்கு, அந்தம்மா சென்னைக்கா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "நல்லாப் பேசுறீங்க. வேலைக்குப் புதுசா?"

"மூணு மாசம் ஆச்சு சார்."

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்தில் அவருடைய முப்பத்திரண்டு வருட சர்வீஸும் இருந்தது.

திரும்ப ஊருக்குப் போனேன். ஆதார் எடுத்தவன் தப்பாக அடித்திருப்பான், பெரியம்மாவிடம் வேறு அத்தாட்சி ஏதாவது இருக்கும் என்பது என் கணக்கு. கேட்டதும் பெரியம்மா வாசலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் துவைகல் பக்கம் கூட்டிப் போனார்.

"அது தப்பா அடிக்கல. நாஞ் சொன்னதத்தான் அடிச்சுச்சு."

பெரியவர் அவருக்கு அத்தை மகன். முறை இருந்தது, ஆனால் பெரியம்மா நான்கு வயது மூத்தவர். அப்பா சாகக் கிடக்கும்போது தங்கச்சியைக் கூப்பிட்டு மகளின் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். தன்னைவிட மூத்தவளைக் கட்டினான் என்று மகனை ஊர் பேசக் கூடாது என, இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்று அத்தை சொல்லிவைத்தார். எல்லாரும் அப்படியே சொல்லி, பிறகு அதுவே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

"இடுப்புல தூக்கி வச்சிருக்கேன் பாப்பா அவுகள. கல்யாணத்துக்கப்புறம் வாங்க போங்கன்னு கூப்புட நாக்கு வளையல. ஆறு மாசம் ஆச்சு."

ஆதார் முகாம் நடந்தபோது பெரியவர் வரிசையில் முன்னால் நின்றிருக்கிறார். அவர் வயதைச் சொல்லி முடித்ததும் இவர் முறை.

"அந்தத் தம்பி, வயசு எத்தனம்மான்னு சத்தம் போட்டுக் கேக்குது. பின்னாடி ஊரே நிக்குது. ஒரு நாலஞ்சு கொறைக்கலாம்னுதான் நெனச்சேன். அப்புறம், கொறைக்கிறதுதான் கொறைக்கிறோம், நல்லாவே கொறைச்சுருவோம்னு சொல்லிப்புட்டேன்."

"அவரு உங்க முகத்தப் பார்க்கலையா?"

"கம்ப்யூட்டரத்தான் பாத்துச்சு."

அதனால்தான் இத்தனை வருடமாக ஓய்வூதியத்துக்கும் மனுப் போடவில்லை. போட்டால் வயது கேட்பார்கள். "அவுகளுக்கு வருதுல்ல, எனக்கெதுக்கு" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். நான் அந்தத் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டு, "காப்பி போடவா?" என்றார்.

அத்தாட்சி, பெரியம்மாவுக்குச் சிறுவயதில் ஞானஸ்நானம் கொடுத்த ஊர் மாதா கோயிலில் இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிக் கொடுக்கும் உபதேசியார், பூச்சி அரித்த தோல் அட்டைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"இந்த ஊருல ஆதாருல வயசு சரியா இருக்கிறவுக மூணே பேரும்மா. மூணு பேரும் வாத்தியாரு. மத்தவுகள்ல நூறு நாள் வேலைக்குப் போறவுக கொறச்சிருக்காக, உதவித்தொகைக்கு எழுதுனவுக கூட்டியிருக்காக. எனக்கே ரெண்டு வயசு கூட."

இரண்டு மணி நேரத்தில் பெயர் அகப்பட்டது. தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர், பிறந்து ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றியது. எழுபத்து நான்கு வயது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. கோயிலின் பங்குச் சாமியாரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு, வண்டியை நேராகப் பெரியம்மா வீட்டுக்கு விட்டேன். இறங்கினதும் வாசலிலிருந்தே கத்தினேன்: "பெரியம்மா! கிடைச்சிருச்சு! உங்களுக்கு எழுபத்து நாலு!"

பெட்டிக்கடைப் பெண் சாமான் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். குழாயடியில் குடத்தோடு நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். உள்ளே கட்டிலில் பெரியவர் கண்ணைத் திறந்தார்.

பெரியம்மா வெளியே வந்தார். மாவுக்கட்டுக் கையை மாரோடு அணைத்திருந்தார். பெரியவர் குழறிக் குழறி நீளமாக ஏதோ சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார், அல்லது இருமினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றார் பெரியம்மா. அவர் சொன்னதை எனக்கு எடுத்துச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. குழாயடியில் ஒருத்தி, "ஏக்கா, ஒங்க தம்பிக்கு ஒடம்பு எப்புடி இருக்கு?" என்று கேட்டாளாம். பெட்டிக்கடைப் பெண்தான் போனில் சொன்னார். சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அடக்கிக்கொண்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் காத்ததை நான் வண்டியை விட்டு இறங்குகிற நேரத்தில் போட்டு உடைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன அன்று, "நல்லதுக்குத்தான செஞ்சீக" என்று காப்பி கொடுத்தார்.

அப்படி உடைத்ததற்கும் பலன் இல்லை. ஆதார் மையத்தில் அந்தச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஞானஸ்நானச் சான்று தங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் மாநிலத்தின் வேலை. எழுபத்து நான்கு வருடத்துக்கு முன் பதியாத பிறப்பை இப்போது பதிவதற்குக் கோட்டாட்சியர் ஆணை போட வேண்டும். அதற்கு முன், பதிவு இல்லை என்பதற்கே ஒரு சான்று வேண்டும். ஆக, இவர் பிறந்தார் என்று முதலில் மாநிலம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் இவருக்கு வயதாகிவிட்டது என்று மத்தியம் ஒத்துக்கொள்ளும்.

இலுப்பூர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. முதல் தடவை போனபோது, எல்லாப் பிரதியும் மூன்று செட் எடுத்து, ஒவ்வொன்றிலும் பக்கம் காட்ட வண்ணச் சீட்டு ஒட்டி, சட்டப்பிரிவை எல்லாம் அடிக்கோடிட்டுக் கொண்டுபோனேன். நான்காவது தடவையில் சீட்டு ஒட்டுவதை நிறுத்தினேன். ஏழாவது தடவையில் டிபன் பாக்ஸ் கொண்டுபோக ஆரம்பித்தேன். யாரும் என்னை விரட்டவில்லை, யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் நல்லவிதமாகவே பேசினார்கள். அந்தக் காலத்தில் ஊர் வேறு தாலுகாவில் இருந்தது, பதிவேடு அங்கே. அங்கே போனால், தாலுகாவைப் பிரித்தபோது இங்கே அனுப்பிவிட்டோம் என்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் மாறினார். புதியவர் விசாரிக்க வர வேண்டும். எங்கேயும் ஒரு கெட்ட மனிதர் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் சண்டை போட்டாவது கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

நடுவில் பெரியவரின் மனு டெல்லியில் தேறிவிட்டது. இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா என்னை அழைத்தார்.

"கட்டில் பத்தொம்பது காலியா இருக்கும்மா. பதினஞ்சு நாளுக்குள்ள ஆளு வரலன்னா அடுத்த ஆளு. நான் ஆசைப்பட்டு வச்சிருக்க முடியாது. தினம் காலையில ஒவ்வொருத்தர் முகத்தையும் கேமராவுல காட்டி டெல்லிக்கு ஏத்தணும்."

"அவங்க வீட்டம்மா இல்லாம வரமாட்டாருங்க. நீங்க உங்க பொறுப்புல வச்சுக்க முடியாதா? கட்டில் கூட வேணாம், பாய் போதும்."

"இருபத்தஞ்சுக்கு மேல ஒரு தலை இருந்தாலும் ஸ்டேட் ஆபீசர் எழுதிட்டுப் போயிருவாரு. எழுதுனது டெல்லிக்குப் போகும். அப்புறம் மொத்த இருபத்தஞ்சும் தெருவுல." ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அந்தம்மாவுக்கு அட்டையில வயசு என்னன்னு சொன்னீங்க?"

"ஐம்பத்தேழு."

"எனக்கு உதவியாளர் ஒரு இடம் காலியா கெடக்கு. பணியாளர் அறுபதுக்குள்ள இருக்கணும். அவ்வளவுதான் விதி."

முதலில் எனக்கு அவர் சொல்வது விளங்கவில்லை. விளங்கியபோது, மோசடியில் சேர்த்தியா, உபகாரத்தில் சேர்த்தியா என்று யோசித்தேன். மணிக்கட்டு ஒடிந்த எழுபத்து நான்கு வயதுப் பெண்ணை, இருபத்தைந்து பேரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவர் ஒரே ஒருவரைத் தூக்கித் தூக்கிச் சாக வேண்டும். அட்டை சரியாக இருந்திருந்தால் இந்த வழியும் கிடையாது.

பெரியம்மா யோசிக்கவே இல்லை. "என்ன வேலை?"

"பாத்திரம், துணி மடிக்கிறது, முடியாதவங்களுக்கு ஊட்டி விடுறது. தூக்குற வேலைக்கு ஆம்பள ஆள் இருக்காரு. ராத்திரி பணியாளர் ரூம்ல படுத்துக்கலாம், அவரு வார்டுக்கு அடுத்த ரூம்தான்."

"இங்கிட்டுச் செய்யிறத அங்கிட்டுச் செய்யப் போறேன். எப்ப வரணும்?"

மாவுக்கட்டுப் பிரித்த மறுநாள் ஒரு ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனேன். பெரியவரை நடுவில் உட்கார வைத்து இருபுறமும் நாங்கள். கீரனூர் தாண்டும்போது பெரியம்மா தானாகவே சொன்னார்:

"அன்னிக்கி நீங்க வாசல்ல நின்னு கத்துனீகள்ல, அப்ப அவுக என்ன சொன்னாக தெரியுமா? எனக்கு மூக்குச் சிந்தி விட்டவ வயசு எனக்குத் தெரியாதாக்கும், இந்தப் புள்ள இத ஏன் இம்புட்டுச் சத்தமாச் சொல்லுதுன்னாக."

"அப்ப ஏன் பெரியம்மா எனக்குச் சொல்லல?"

"இம்புட்டு வருசம் தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்திருக்காக. எனக்கு ஆத்திரமா வந்துச்சு" என்றார். பெரியவர் தூங்கிவிட்டிருந்தார், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தார்.

அந்த வாரம் நான் இரண்டு அறிக்கை எழுதினேன். டெல்லிக்குப் போகும் படிவத்தில், ஆதரவற்ற முதியவர் ஒருவர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். சென்னைக்குப் போகும் படிவத்தில், வேலைவாய்ப்புப் பெற்ற கிராமப்புறப் பெண் ஒருவர். இரண்டுமே உண்மை. இரண்டு இடத்திலிருந்தும் பாராட்டு வந்தது.

பிறப்புச் சான்றிதழ் எட்டு மாதம் கழித்துக் கிடைத்தது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் அதைக் கையில் கொடுத்த எழுத்தர், "ஒரு வழியா அந்தம்மாவப் பெத்துட்டீங்க" என்றார். நானும் சிரித்தேன். பச்சை முத்திரையோடு அது அழகாகத்தான் இருந்தது. இதைக் கொண்டுபோய் ஆதார் மையத்தில் கொடுத்தால் வயது மாறிவிடும். நான் முதலில் இல்லத்துக்குப் போனேன்.

காலைக் கஞ்சி நேரம். பெரியம்மா நீலச் சேலைச் சீருடையில், ஒரு தூக்குவாளியும் கரண்டியுமாக வார்டில் நின்றார். அங்கே ஊட்டுவது கட்டில் எண் வரிசைப்படி. யாருக்கும் முன்னுரிமை கிடையாது என்று பொறுப்பாளர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், பணியாளரின் உறவு என்றால் கட்டாயம் கிடையாது. பத்தொன்பதுக்கு வரும்போது கஞ்சி ஆறிப்போயிருக்கும். பன்னிரண்டாவது கட்டிலில் இருந்த அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. அவருக்கு வாயைத் துடைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு வாயி ஆத்தா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒடிந்த மணிக்கட்டு லேசாகக் கோணிச் சேர்ந்திருந்தது. வாளியை அந்தக் கையால் பிடிக்கவில்லை, முழங்கையில் மாட்டியிருந்தார்.

"வாங்க பாப்பா. எளைச்சுட்டீக."

தாளைக் காட்டினேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இதக் குடுத்தா?"

"ஆதார்ல வயசு சரியாயிரும். இப்ப எழுபத்தஞ்சு."

"சரியாயிட்டா?"

அடுத்து என்ன என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. நான்தான் அதை வாயால் சொல்ல வேண்டியிருந்தது. "இந்த வேலையில வச்சிருக்க மாட்டாங்க. இங்க தங்குற ஆளா மனுப் போடலாம். ஆனா கட்டில் காலி இல்ல. வரிசையில ஆறாவதா வரும்."

அவர் வார்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஜன்னலோரம் இருந்தவர், மூக்கில் குழாய் போட்டிருந்தவர், காலை நீட்டி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்.

"அப்ப ஆறு பேரு போகணும்."

"ஆமா பெரியம்மா."

"அது வரைக்கும் நான் ஊருல, அவுக இங்க."

பக்கத்து மாவட்டத்து இல்லத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

"இதுல எங்கம்மா பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"படிங்க."

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் தாளை இரண்டாக மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும். இங்கிட்டு வச்சா யாரு கண்ணுலயாச்சும் படும்."

"எத்தன நாளைக்குப் பெரியம்மா இப்படி? உங்க உடம்புக்கு இது..."

"அட்டையில எனக்கு இப்ப எத்தன?"

"ஐம்பத்தெட்டு. ஜனவரி வந்தா ஒண்ணு கூடும்."

"அறுவதானா எனக்கும் கட்டில் தருவாகள்ல?"

"மனுப் போடலாம். வரிசையில நிக்கலாம்."

"பெறகென்ன. ரெண்டு வருசந்தான?" என்றார். வாளியை முழங்கையில் மேலே ஏற்றிக்கொண்டு பதிமூன்றாவது கட்டிலுக்கு நகர்ந்தார்.

எனக்கு அன்று வேறு இரண்டு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. தாளை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன். அட்டையில் அறுபது ஆகும்போது அவருக்கு எழுபத்தேழு இருக்கும். நான் இந்த வேலையில் இருப்பேனா என்று யோசித்தேன், பெரியவர் இருப்பாரா என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். பெரியம்மா பதினாறுக்கு வந்திருந்தார். பத்தொன்பதிலிருந்து அந்தக் குழறல் எழுந்தது. தண்ணீரா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. வார்டில் யாருக்குமே தெரியவில்லை.

"வாரேன், வாரேன். இன்னும் மூணு பேரு இருக்காக" என்றார் பெரியம்மா, தலையைத் திருப்பாமல்.